பூரணம் பிழைத்த கதை

தமிழ் பேசுகிறவனுக்குத் தமிழ் படிக்கவும் வரும் என்று நம்புகிறவர்கள் நல்ல மனிதர்கள். அப்படிப்பட்ட நல்லவர்கள் இரண்டு பேர் மும்பை மாட்டுங்காவில் ஒரே வீட்டில் குடியிருந்ததுதான் எனக்கு வினையாகப் போயிற்று.

நான் பிறந்து வளர்ந்தது தாராவியில். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் இந்தி, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் மராத்தியும். தமிழ் வாய்க்கு வந்துவிட்டது, கண்ணுக்கு வரவில்லை. எழுத்தே தெரியாது என்று சொல்ல மாட்டேன். தூரத்துச் சொந்தக்காரர்களைத் தெரிவது போல் தெரியும். (எங்கேயோ பார்த்த முகம், பெயர்தான் வராது.) ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயரை நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பந்தியில் பாயசம் தீர்ந்துவிடும்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். காட்கோபரில் ஒரு ஏசி சர்வீஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தேன். ஒருநாள் மாட்டுங்காவில் ராமசேஷன் சார் வீட்டுக்கு அனுப்பினார்கள். அணுசக்தி நகரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் நுழைந்தால் எங்கு பார்த்தாலும் புத்தகம். ஏணியை நிறுத்தவே நான்கு அடுக்குகளை நகர்த்த வேண்டியிருந்தது. மேலே ஏறி ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கீழே சாருக்கும் அவர் மனைவி மீனாட்சி மாமிக்கும் பெரிய சண்டை.

"அந்தக் கணக்குப்பிள்ளை பையனுக்கு என்ன குறைச்சல்? அவனைப் பண்ணிண்டா ராணி மாதிரி இருப்பா" என்றார் சார்.

"காலம் முழுக்க அந்த மாமியாருக்குப் பயந்துண்டு இருக்கவா? அவ மனசுல இருக்கறவன் வேற. அது உங்களுக்குப் புரியாது" என்றார் மாமி. புரியாது என்று சொன்ன விதத்தில் நாற்பது வருஷக் குடித்தனம் தெரிந்தது.

சண்டை முற்றியது. மாமியின் குரல் கம்மிவிட்டது. யாரோ சொந்தக்காரப் பெண்ணின் வாழ்க்கை அந்தரத்தில் தொங்குகிறது என்று நினைத்து, எனக்கும் மனசு தாங்கவில்லை. ஏணி மேலிருந்தே சொன்னேன்.

"விடுங்க சார். அந்தப் பொண்ணு இஷ்டப்பட்டவனையே கட்டிக்கிடட்டும். நாளைக்கு வாழப்போறது அவதான?"

கீழே சத்தம் நின்றது. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"நீ படிச்சிருக்கியாப்பா?" என்றார் சார். குரலில் அப்படியொரு பரவசம்.

மாமியின் மடியில் இருந்த தடித்த புத்தகத்தை அப்போதுதான் கவனித்தேன். இவ்வளவு நேரம் நடந்த சண்டை ஒரு நாவலில் வரும் பெண்ணைப் பற்றியது! 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். மூன்றே எழுத்து. ஆனால் வழக்கில் தனக்குச் சாட்சி கிடைத்த சந்தோஷத்தில் மாமியின் முகம் அப்படி மலர்ந்திருந்தது. "ஆமா மாமி" என்றேன்.

"கேட்டேளா? மூணாவது மனுஷன் சொல்லியாச்சு!" என்று மாமி அடுக்களைக்கு ஓடினார். டபராவில் காபி வந்தது. கூடவே சார் ஓர் அழைப்பும் தந்தார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட அறையில் வாசகர் வட்டம் கூடுகிறதாம், நான் கண்டிப்பாக வர வேண்டுமாம்.

ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் எனக்கே போக ஆசையாக இருந்தது. உலகத்தில் இல்லவே இல்லாத ஒரு பெண்ணுக்காக இரண்டு பெரியவர்கள் இப்படி உருகுவார்களா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். தவிர, கேஸ் நிரப்ப எவ்வளவு ஆகும் என்பதைத் தவிர வேறு எதையும் என்னிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை.

போனேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு இருபது பேர். செம்பூர் பேங்க்காரர், சான்பாடாவிலிருந்து ஒரு டீச்சர், இப்படி. ஒருவர் தனக்குப் பிடித்த நாவலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இன்னொருவர் பாதியில் பிடுங்கிக்கொண்டு போனார். கிரிக்கெட் பார்க்கிற கூட்டம் மாதிரி கத்தினார்கள். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. முடிந்ததும் சார் ஒரு பயணப் புத்தகத்தை என் கையில் கொடுத்து, "அடுத்த தடவை இதைப் பத்தி நீதான் ஆரம்பிக்கணும்" என்றார். இமயமலைப் பக்கம் ஒருவர் தனியாக நடந்து போன கதை. அட்டையில் இருந்த பெயரைப் படிக்கவே எனக்கு சயான் ஸ்டேஷன் வரை ஆயிற்று.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொடுத்தேன்.

என் அம்மா எஸ்தரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வீட்டில் பிளவுஸ் தைப்பவள். ஊரில் எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஆனால் எங்கள் சபையில் வேத பாடம் வாசிக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. அவள் வாசித்தால் பின்வரிசையில் தூங்குகிறவர்களும் நிமிர்ந்து உட்கார்வார்கள். பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் போடுவாள்.

"படிச்சுச் சொல்லும்மா" என்றேன்.

"உக்காந்து சொல்ல நேரம் ஏதுல? போன்ல பேசி அனுப்புதேன், ரயில்ல போறப்ப கேளு."

அப்படித்தான் ஆரம்பித்தது. தினம் காலையில் சயானில் ரயில் ஏறி இயர்போனை மாட்டினால் அம்மாவின் குரல் கணீரென்று வரும். "அதிகாரம் மூன்று!" (அத்தியாயம் என்று அவளுக்கு வாயில் வராது.) கூட்டத்தில் யாருடைய முழங்கையோ என் கழுத்தில் இருக்கும், நான் பனிமலையில் இருப்பேன். நடுநடுவே குக்கர் விசில் அடிக்கும். நடுநடுவே அம்மாவே அடிப்பாள். "அன்றிரவும் நான் கூடாரத்தில் தனியே படுத்துக்கொண்டேன். ஏல, இவன் பாட்டுக்கு மலை மலையாச் சுத்துதானே, வீட்டுல பொண்டாட்டி பிள்ளையளுக்கு யாருல சோறு போடுதா? அதப்பத்தி ஒரு வரி எழுதுதானா பாரு!"

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று அதையே கொஞ்சம் இஸ்திரி போட்டுச் சொன்னேன். "இந்த ஆசிரியர் மலையைப் பத்தி எல்லாம் சொல்றார். ஆனா அவர் வீட்டுல இருக்கிறவங்களைப் பத்தி ஒரு வரிகூட இல்லை. அவங்க எப்படிச் சாப்பிட்டாங்க?"

சான்பாடா டீச்சர் கை தட்டினார். இத்தனை வருஷமாக யாருக்கும் தோன்றாத கோணம் என்று பேங்க்காரர் சொன்னார். எனக்குத் தலை கிறுகிறுத்தது. அதோடு உட்கார்ந்திருக்க வேண்டும். கைதட்டல் கொடுத்த தெம்பில், "அதுலயும் மலை உச்சியில நிக்கிறப்போ திடீர்னு தண்ணி வந்து, எல்லாரும் குடத்தைத் தூக்கிட்டு ஓடுற இடம் அருமை" என்றேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு இடம் புத்தகத்தில் யாருக்கும் நினைவில்லை. ராமசேஷன் சார்தான் கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொன்னார். "அது பனி உருகறதைச் சொல்றான். குடம்னா மனசு. பையன் எங்கேயோ போயிட்டான்!"

வட்டத்தின் அந்த மாதச் செய்தி மடலில் 'குடமும் மனமும்' என்று சார் ஒரு கட்டுரையே எழுதினார்.

இப்படியே ஏழெட்டு மாதம் ஓடியது. வட்டத்தில் எனக்கு நல்ல பெயர். வட்டத்தின் ஆண்டு விழா வந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஒரு பெரிய எழுத்தாளரை வரவழைத்தார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர், கறாரானவர், சிரிக்கவே மாட்டார் என்று பேசிக்கொண்டார்கள். அவருடைய அறுநூறு பக்க நாவலைப் பற்றி ஐந்து நிமிஷம் பேச என்னைத்தான் தேர்ந்தெடுத்தார் சார்.

நாவலின் கதை இதுதான். ஒரு துறைமுக ஊரில் பூரணம் என்று ஒரு பெண். புருஷன் கப்பலில் வேலைக்குப் போனவன், வருஷக்கணக்காகத் தகவல் இல்லை. செத்துப்போனான் என்று ஊரே சொல்கிறது, அவள் ஒருத்தி மட்டும் நம்பாமல் காத்திருக்கிறாள். அம்மா வாசித்த அந்த மூன்று வாரமும் நான் இறங்க வேண்டிய ஸ்டேஷனைப் பலமுறை தவறவிட்டேன். கடைசிப் பாகத்தில் பூரணத்துக்கு விஷக் காய்ச்சல் வருகிறது. "அதிகாரம் நாற்பத்தெட்டு" என்று தொடங்கிய அம்மாவின் குரல் நடுங்கியது. அங்கே பதிவு நின்றுபோயிற்று. மறுநாள்தான் மிச்சம் வந்தது. போதகர் வருகிறார், கட்டிலருகே முழங்கால் படியிட்டு ஜெபிக்கிறார், காய்ச்சல் இறங்குகிறது. கப்பலும் வந்துவிடுகிறது. புருஷன் ஓடி வருகிறான். அடுத்த வருஷமே ஆண் குழந்தை, பெயர் சாமுவேல். சந்தோஷத்தில் ரயிலில் பக்கத்திலிருந்த குஜராத்திக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன்.

விழா நாள். பள்ளிக்கூட ஹால் நிறைந்திருந்தது. அம்மா கிறிஸ்துமஸுக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, லெதர் பட்டறைக்கு லீவு போட்ட அப்பாவையும் இழுத்துக்கொண்டு வந்து, மூன்றாவது வரிசையில் மீனாட்சி மாமியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் மைக்கைப் பிடித்தேன். எழுத்தாளர் மேடையில் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்.

ஆரம்பம் நன்றாகத்தான் போயிற்று. பூரணத்தின் பிடிவாதம், கடற்கரை வர்ணனை எல்லாம் சொன்னேன். அவர் முகம்கூடக் கொஞ்சம் இளகியது. அந்தத் தைரியத்தில் குரலை உயர்த்தினேன்.

"ஐயாவுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா கடைசி அத்தியாயத்துல போதகர் முழங்கால் போட்டு ஜெபம் பண்ண, பூரணத்துக்குக் காய்ச்சல் விடுதே! அப்படி எழுதின கைக்கா நம்பிக்கை இல்லை?"

முன்வரிசையில் ராமசேஷன் சார் இரண்டு கையையும் வேகமாக ஆட்டினார். (இன்னும் பேசு என்கிறார் என்று நினைத்தேன்.) அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். (மகனை நினைத்துப் பெருமையில் அழுகிறாள் என்று நினைத்தேன்.)

"பூரணம் புருஷனோட சேர்ந்து, குழந்தைக்குச் சாமுவேல்னு பேர் வைக்கிற இடத்துல நான் ரயில்லயே அழுதுட்டேன். ஐயாவுக்குக் கோடி நன்றி!"

யாரும் கைதட்டவில்லை. எழுத்தாளர் மெதுவாகக் கேட்டார். "தம்பி, நீங்க படிச்சது எந்தப் பதிப்பு?"

பதிப்பு என்றால் என்னவென்றே எனக்குச் சரியாகத் தெரியாது. வட்டத்தில் யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. "ரெண்டாம் பதிப்புங்க ஐயா."

"முதல் பதிப்பே இன்னும் விக்கலை. மிச்சம் எல்லாம் என் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு" என்றார் அவர்.

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மேஜை மேலிருந்த நாவலை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். "இதைக் கொஞ்சம் சத்தமா வாசிங்க."

தப்பிக்க வழியில்லை. மைக் வேறு வாய்க்கு நேராக இருந்தது. "பூ... ர... பூரணத்... தின்... உ... உட... உடல்..." என்று போனேன். என் ஒவ்வொரு எழுத்தும் ஸ்பீக்கரில் முட்டி ஹால் முழுக்க எதிரொலித்தது. அந்த வரியின் பாதியில் எனக்கு இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் புரிந்தது. ஒன்று, பூரணம் செத்துவிட்டாள். இரண்டு, எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஏசி இல்லாத ஹால். இருந்திருந்தால் அதைக் கழற்றி உள்ளே போய் ஒளிந்திருப்பேன்.

அப்போது மூன்றாவது வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஐயா, அவன விட்டுருங்க. அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது. நாந்தான் வாசிச்சுக் கொடுத்தேன், கடைசிய மாத்துனதும் நாந்தான்" என்றாள் அம்மா. மைக் இல்லாமலே ஹாலின் மூலை வரை கேட்டது. சபையில் வாசிக்கிற குரல் இல்லையா!

எழுத்தாளர் எழுந்து நின்றுவிட்டார். "நீங்க எதுக்கும்மா மாத்தினீங்க?"

"நீங்க எதுக்குய்யா அந்தப் பிள்ளையக் கொன்னு போட்டிய? அறுநூறு பக்கம் காத்துக் கெடந்தா. கப்பல் கண்ணுக்குத் தெரியிற தூரத்துல வந்துட்டு. இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்க முடியலையா உங்களுக்கு?"

"வாழ்க்கை அப்படித்தானம்மா இருக்கு."

"அப்படித்தான் இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதா? தாராவியில இருக்கோம். அதச் சொல்லுததுக்கு நீங்க அங்கேருந்து ரயிலேறி வரணுமா? மறுநா என் பிள்ளை மேடையேறிப் பேசப்போறான். எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவன் மாதிரியா அவன அனுப்புவேன்?"

எழுத்தாளர் நிதானமாகச் சொன்னார். "பூரணம் செத்தாத்தான் அந்தக் கதை நிக்கும்."

"நிக்காது!" என்று எழுந்தார் மீனாட்சி மாமி. "அவ போனதுக்கப்புறம் ரெண்டு நாள் எனக்குச் சாதம் இறங்கலை. இந்த அம்மா சொல்றதுதான் நியாயம்!"

"அபத்தம்! அவ செத்ததுனாலதானே நீ இன்னிக்கும் அவளை நினைச்சுண்டிருக்கே?" என்று சார் துள்ளி எழுந்தார்.

அவ்வளவுதான். ஹால் இரண்டாகப் பிளந்தது. சாகட்டும் என்று ஒரு கட்சி, பிழைக்கட்டும் என்று ஒரு கட்சி. பேங்க்காரர் நாற்காலி மேல் ஏறிப் பேசினார். சான்பாடா டீச்சர் காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சலாக மாற்றினால் போதும் என்று சமரசம் சொல்லி இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார். கதையே தெரியாத என் அப்பாகூட, "கப்பக்காரன் தந்தி அடிச்சிருக்கலாம்ல?" என்று ஒரு கேள்வி கேட்டார். பொன்னாடை போர்த்துவதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பள்ளிக்கூட வாட்ச்மேன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்து, "பந்த் கரோ சாப்!" என்று விளக்கை அணைத்த பிறகுதான் சண்டை படிக்கட்டுக்கு நகர்ந்தது.

என்னை யாருமே கவனிக்கவில்லை. நைசாக வாசலைப் பார்த்து நழுவியபோது ராமசேஷன் சார் என் தோளைப் பிடித்தார்.

"ஏம்ப்பா, மலை உச்சியில தண்ணி வந்ததுன்னியே, அது?"

"எங்க சந்துக் குழாய் சார். அம்மா வாசிச்சிட்டு இருக்கும்போது தண்ணி வந்துட்டு."

'குடமும் மனமும்' அவர் கண்ணுக்குள் ஓடுவது எனக்கே தெரிந்தது. பிறகு சொன்னார். "இதை மாமிகிட்ட மட்டும் சொல்லிடாதே."

(மாமி அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.)

படிக்கட்டின் கீழே எழுத்தாளர் அம்மாவிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று நான் நடுவில் புகுந்தேன். அவர் என்னை ஒதுக்கிவிட்டு, "குழந்தைக்குச் சாமுவேல்னா பேர் வச்சீங்க?" என்று கேட்டார்.

"ஆமா."

"அந்தக் குடும்பத்துல அந்தப் பேர் வைக்க மாட்டாங்களேம்மா."

"வச்சாச்சு" என்றாள் அம்மா.

அப்போதுதான் அந்த மனிதர் சிரித்து முதல்முதலாகப் பார்த்தோம். சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது.

வட்டம் என்னை விரட்டவில்லை. அதைவிடப் பெரிய தண்டனை கொடுத்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் காரியமாக நான் ஒரு பக்கம் சத்தமாக வாசிக்க வேண்டும். மாமி ஸ்கேலோடு எதிரில் உட்கார்ந்திருப்பார். 'பழம்' என்பதை நான் சரியாகச் சொன்ன அன்று எல்லோருக்கும் கேசரி கிண்டிக்கொண்டு வந்தார். இப்போது நாவல்களை நானேதான் படிக்கிறேன், கொஞ்சம் மெதுவாக. அம்மா வட்டத்தில் முக்கியமான ஆள் ஆகிவிட்டாள். செம்பூரிலிருந்தும் காட்கோபரிலிருந்தும் போன் வரும். "எஸ்தரம்மா, இந்தப் புத்தகத்துல யாராவது சாவறாங்களா? வாங்கலாமா?" அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, "ரெண்டு பேரு. ஆனா ஒருத்தன் சாக வேண்டியவன்தான், தாராளமா வாங்குங்க" என்பாள்.

எனக்கு மிச்சமானது வேறு. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே என் மனைவி கிரேஸிடம் யாரோ முழுக்கதையையும் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் எந்தக் காரணம் சொன்னாலும், "இது முதல் பதிப்பா, ரெண்டாம் பதிப்பா?" என்பதுதான் வீட்டில் கேள்வி. அப்பா கேட்பார், பக்கத்து வீட்டு செல்வி கேட்பாள், கம்பெனியில் ஒன்றும் தெரியாத மராத்திக்காரன்கூடக் கேட்கிறான். போன வாரம் வீட்டுக்குத் தாமதமாகப் போய், குர்லாவில் சிக்னல் கோளாறு, ரயில் நகரவே இல்லை என்றேன். சட்டையில் வடாபாவ் சட்னி இருந்ததை நான் கவனிக்கவில்லை. பதிப்பு என்றால் என்னவென்றே தெரியாத என் மகள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, உண்மையைச் சொல்லும்படி இந்தியில், "பப்பா, சச் போலோ. யே கௌன்சா பதிப்பு ஹை?" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து அம்மாதான் அதிகமாகச் சிரித்தாள். அவளிடம் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்க இந்த வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது.